டாக்ஸ் அண்ணா

நியூ ஜெர்சியில் எடிசன், ஐஸலின் பக்கம் நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்து குடியிருந்தால் அதில் ஒருவர் டாக்ஸ் அண்ணாவாக இருப்பார். ஆடிட்டருக்குப் படித்தவரெல்லாம் இல்லை. பகலில் ஏதோ ஒரு கம்பெனியின் டேட்டாபேஸைக் கட்டி மேய்ப்பவர்தான். ஆனால் ஜனவரி கடைசியில் சம்பளமும் பிடித்த வரியும் சொல்லும் டபிள்யூ-2 படிவம் வந்து இறங்கியதும் முகத்தில் தனிக் களை வந்துவிடும். நமக்கெல்லாம் தீபாவளி ஒரு நாள். அவருக்கு ஏப்ரல் 15 வரை.

அமெரிக்காவில் சம்பளக்காரன் தன் வரிக் கணக்கைத் தானே போட்டு அனுப்ப வேண்டும். கம்பெனி எவ்வளவு கொடுத்தது, எவ்வளவு பிடித்தது என்பதெல்லாம் வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கும் போய்விடுகிறது. இருந்தாலும் நம் வாயால் சொல்லிக் கேட்டால்தான் அவர்களுக்குத் திருப்தி. அப்படிச் சொல்வதற்கு ஊரில் பாதிப் பேர் ஒரு சாஃப்ட்வேர் வாங்குகிறார்கள். அண்ணா மூன்று வைத்திருக்கிறார்.

காஸ்ட்கோவில் டர்போடாக்ஸ் பெட்டியை அடுக்குகிற வாரமே தள்ளுபடியில் ஒன்று எடுத்துவிடுவார். எச் அண்ட் ஆர் பிளாக் இன்னொரு கடையில், இன்னும் மலிவாக. மூன்றாவது ஃப்ரீடாக்ஸ்யூஎஸ்ஏ. மத்திய வரிக்கு அதில் காசில்லை என்பதால் அண்ணா அதை வாயாரப் புகழ்வார். இலவசம் என்பதால் முழுசாக நம்பவும் மாட்டார்.

"எல்லாரும் ஆன்லைன்லயே போட்டுடறாங்களே அண்ணா?" என்று கேட்டுப் பாருங்கள்.

"நம்ம கணக்கு நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கணும் தம்பி. கிளவுடாம் கிளவுடு. மழை பெஞ்சா யார் வீட்டுக் கூரையில ஒழுகும்னு யாருக்குத் தெரியும்?"

உண்மையான காரணம் வேறு. கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பதிப்பில் ஐந்து மத்திய ரிட்டர்ன்களை மின்வழியில் அனுப்பலாம். மச்சினன், மச்சினனின் ரூம்மேட், கோயிலில் பழக்கமான தம்பதி என்று அந்த ஐந்துக்கும் டிசம்பரிலேயே ஆள் பிடித்திருப்பார். மாநில ரிட்டர்னுக்கு அதே பெட்டிக்காரர்கள் தனியாக இருபது, இருபத்தைந்து டாலர் கேட்பார்கள். அண்ணாவா கொடுப்பார்? நியூ ஜெர்சி அரசாங்கத்தின் சொந்தத் தளத்தில் இலவசமாக அனுப்பலாம் என்பதைக் கண்டுபிடித்து, எல்லா எண்களையும் அங்கே முதலிலிருந்து தட்டுவார். பாதி ராத்திரி ஆகும். காசு மிச்சம்.

அவர் திரையில் மீட்டர் ஓடுகிற அழகைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மேல் மூலையில் ரீஃபண்டு தொகை பச்சையில் மின்னும். தன் டபிள்யூ-2-ஐத் தட்டியதும் ஆயிரக்கணக்கில் ஏறும். "பாத்தியா?" என்று மனைவியைக் கூப்பிடுவார். அடுத்து மனைவியின் டபிள்யூ-2 உள்ளே போகும். வரியில்லாத நிலைக்கழிவு முழுவதையும் இவர் சம்பளமே தின்று தீர்த்திருக்க, அந்தம்மாவின் சம்பளம் மொத்தமும் வரிக்கு நிற்கும். பச்சை சரசரவென்று இறங்கிச் சிவப்பாகும். "உன் வேலையால நமக்கு நஷ்டம்" என்று வருஷா வருஷம் சொல்வார். "அப்ப விட்டுடட்டுமா?" என்று அந்தம்மாவும் வருஷா வருஷம் கேட்பார். அதற்குப் பதில் சொல்லும் வசதி எந்தப் பதிப்பிலும் வரவில்லை.

மூன்றிலும் போட்டு முடித்ததும் எக்செல் தாளில் விடைகளை வரிசையாக வைப்பார். சட்டம் ஒன்று, சம்பளம் ஒன்று. விடையும் ஒன்றாகத்தான் வரும். வந்தால் அவருக்கு மனசே ஆறாது. ஒரு டாலர் முன்பின் ஆனால்தான் உற்சாகம், தூக்கம் போய்விடும். ஒரு வருஷம் நிஜமாகவே பெரிய வித்தியாசம் வந்தது. கம்பெனி கொடுத்த பங்குகளை விற்றிருந்தார். அவற்றின் மதிப்புக்கு டபிள்யூ-2-விலேயே வரி பிடித்தாகிவிட்டது. ஆனால் புரோக்கர் அனுப்பிய 1099-பி-யில் வாங்கிய விலை பூஜ்யம் என்றிருக்க, இரண்டில் திருத்தியவர் மூன்றாவதில் மறந்துவிட்டார். அதே பணத்துக்கு அது இரண்டாம் தடவை வரி போட்டது. அன்றிலிருந்து "எதுக்கு மூணு?" என்று யாராவது வாயைத் திறந்தால் இந்தக் கதைதான். வீட்டில் சின்னப் பையனுக்குக்கூட மனப்பாடம்.

பழைய பகைகளும் நிறைய. 2014 வருஷக் கணக்குக்கான டர்போடாக்ஸ் டீலக்ஸில், பங்கு விற்றவர்களுக்கான ஷெட்யூல் டி பகுதியை எடுத்துவிட்டு மேல்பதிப்புக்குப் போகச் சொன்னார்கள். ஊரே கத்தியது. டர்போடாக்ஸைத் தயாரிக்கும் இன்ட்யூட் மன்னிப்புக் கேட்டு 25 டாலர் திருப்பித் தந்தது. அதைச் சொல்லும்போது அண்ணாவின் குரல் இன்னும் நடுங்கும். 2025 கணக்குக்கு விண்டோஸ் 11 வேண்டும் என்றார்கள். இந்த ஒரு வேலைக்காகவே பத்திரப்படுத்திய பழைய லேப்டாப் தெருவுக்கு வந்தது. நடுவில் ஐஆர்எஸ்ஸே டைரக்ட் ஃபைல் என்று இலவசமாக ஒன்றை 2024-ல் 12 மாநிலங்களில் தொடங்கி, அடுத்த வருஷம் நியூ ஜெர்சிக்கும் நீட்டி, பிறகு நிறுத்திவிட்டது. ஏழைகளுக்காக வருத்தப்பட்டார். ஒப்பிட மூன்று இருக்கிறதே என்று ஆறுதலும் பட்டார் என்பது என் ஊகம்.

மூன்றும் ஒருசேரக் கைவிரிக்கிற இடம், அண்ணாவின் அப்பா இருக்கும் கும்பகோணம். வெளிநாட்டுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ வைப்புத்தொகை வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, அமெரிக்காவில் உண்டு. அங்கே வருஷம் ஏப்ரலில் பிறக்கிறது, இங்கே ஜனவரியில். அப்பா வங்கிக்குப் போவார்.

"மார்ச் 31 வரைக்கும்தான் சர்டிபிகேட் வருமாம்டா. ஜனவரின்னா பொங்கலுக்கான்னு கேக்கறா அந்தப் பொண்ணு."

"பாஸ்புக்கை என்ட்ரி போட்டு போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா."

போட்டோ வரும். கட்டைவிரலும் வரும், வட்டி எழுதிய வரி மட்டும் விரலுக்கு அடியில் இருக்கும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளெல்லாம் சேர்ந்து வருஷத்தில் என்றைக்காவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால், அவற்றைத் தெரிவிக்கும் எஃப்பார் வேறு. அதை இந்த மூன்றில் எதுவும் அனுப்பாது. கருவூலத்தின் தனித் தளத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒப்பிட எதுவும் இல்லாததால் கடுப்போடு செய்துமுடிப்பார்.

போன மார்ச்சில் எம்எஸ் படிக்கிற பையன் ஒருவன் வந்து, எதை வாங்கலாம் என்று கேட்டான். அண்ணா எக்செல்லைத் திறந்தார். விலை, பதிப்பு, மீட்டர், மாநிலம் என்று ஒவ்வொரு கட்டமாக விளக்கினார். காபி இரண்டு சுற்று வந்தது. கடைசிக் கட்டத்தில்தான், "எந்த விசா தம்பி?" என்று கேட்கத் தோன்றியது.

"எஃப்-1 அண்ணா. வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு."

முதல் ஐந்து வருஷத்துக்கு அவனுக்கு, வரிக் கணக்கில் அமெரிக்கவாசி அல்லாதவர்களுக்கான 1040-என்ஆர். இந்த மூன்றிலும் அந்தப் படிவமே கிடையாது. அண்ணா மெல்ல லேப்டாப்பை மூடினார்.

"போன வருஷம் ரூம்மேட் சொன்னான்னு டர்போடாக்ஸ்லதான் போட்டேன் அண்ணா. சாதாரண 1040. ரீஃபண்டுகூட வந்து செலவாயிடுச்சு. ஏதும் பிரச்சினையா?"

அண்ணா நிமிர்ந்தார். போனதைத் திருத்த 1040-எக்ஸ், புதிதாக என்ஆர், இந்திய மாணவனுக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவில் கிடைக்கும் நிலைக்கழிவு. மூன்றும் அவர் கண்ணில் ஒவ்வொன்றாக ஓடியதை நானே பார்த்தேன்.

"சாப்பிட்டியா தம்பி?" என்றார். "இரு, தோசை ஊத்தச் சொல்றேன்."