கருவாட்டுக்கு ஒரு வலைவாசல்

கேள்வி: கருவாட்டு வியாபாரத்துக்கு வலைத்தளமும் கடைப் பெயரில் மின்னஞ்சலும் வேண்டும். மலிவாக எங்கே?
– ஒரு சம்மாட்டி, பள்ளிமுனை

பதில்: நாலு படம், விலை, தொலைபேசி இலக்கம், அவ்வளவுதானே? அதற்கு வாடகையே வேண்டாம். கிளவுட்ஃபிளேர் பேஜஸ் இலவசமாகவே இடம் தரும். காசு கேட்பது தளத்தின் முகவரிப் பெயர். அதை உங்கள் பெயரிலேயே பதியுங்கள். தளம் செய்துதரும் மச்சான் பெயரில் பதிந்தால் வள்ளம் உங்களது, இலக்கம் அவரது! ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் பெயரும் உண்டு. ஆசைதான், ஆனால் பல மின்னஞ்சல் சேவைகள் அதைக் கண்டு முழிக்கும். ‘.எல்கே’ போதும். மின்னஞ்சலைத் தளத்தோடு கட்டாமல் சோஹோ போன்ற இடத்தில் தனியே வையுங்கள். தளம் கவிழ்ந்தாலும் கடிதம் மிதக்கும். பெயரின் முதல் வருட விலையில் மயங்காமல் இரண்டாம் வருடத்தைக் கேளுங்கள். புதுப்பிக்காமலே நிற்க அந்தப் பெயர் என்ன உங்களூர்ப் பெருக்கமரமா?