வேலையை விடுறதுக்கும் ஒரு வாத்தியாரு

ஏ பேராண்டி, வேலைய விடப்போறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு எங்கிட்ட மட்டும் மறைச்சிட்டியே, நான் என்ன தடுக்கவா போறேன்? தாராளமா விடு. முப்பத்திரெண்டு வயசுலயே ஒடம்பும் மனசும் ஓஞ்சு போச்சுன்னா பாவம், புள்ள நீ என்ன செய்வ? ஆனா எதையும் வெவரம் தெரிஞ்சவங்கள விசாரிச்சுச் செய்யணும். வேலைய விடுறதுல ரொம்ப அனுபவசாலி ஒருத்தரு ஜப்பான்ல இருக்காரு. ஹயாவோ மியாசாகி. கார்ட்டூன் படம் எடுக்கிறவரு. ஓம் மக டோட்டோரோ பொம்மையக் கட்டிப் பிடிச்சுத் தூங்குறாளே, அந்தத் தொந்திக்காரனப் பெத்த மகராசன்.

1997-ல ‘இளவரசி மோனோனோகே’ முடிச்சதும், போதும்டா சாமின்னாரு. நியாயந்தான். 1,44,000 படம் வரஞ்சு, அதுல 80,000 வரைக்கும் அவரே பாத்துத் திருத்தியிருக்காரு. கை என்னத்துக்காகும்? ஆனா 2001-ல ‘ஸ்பிரிட்டட் அவே’ வந்து நிக்கிது. அதுக்கு ஆஸ்கர் குடுத்தாங்க, ஆளு போகல. ஏன்னும் சொல்லல. இராக்குல குண்டு போடுற நாட்டுக்குப் போக மனசில்லன்னு 2009-லதான் வாயத் தொறந்தாரு. 2013-ல, 72 வயசுல, பத்திரிகைக்காரங்களக் கூட்டி வச்சு, இந்தத் தடவ நெசமாவே விடுறேன்னாரு. ‘இந்தத் தடவ நெசமா’ன்னு ஒரு மனுசன் சொல்றாருன்னா, அதுக்கு முன்னாடி எத்தன தடவ விட்டிருப்பாருன்னு நீயே பாத்துக்க. சாமி மலையேறிருச்சுன்னு நாம திருநீறு பூசிட்டு எந்திரிச்சா, திரும்பவும் ஆட ஆரம்பிக்குமே, அந்தக் கததான். 2017-ல பாத்தா மறுபடியும் பென்சிலோட உக்காந்துட்டாரு.

ஒனக்கு ஆபீசுல வேல ஜாஸ்திங்கிற. இருக்கும், இருக்கும். அவரோட ‘காற்று எழுகிறது’ படத்துல கூட்டம் நெரியிற காட்சி ஒண்ணு வருது. நாலே நாலு செகண்டு. தும்முனா முடிஞ்சு போகும். அத ஒருத்தரு ஒரு வருசம் மூணு மாசம் உக்காந்து வரஞ்சிருக்காரு. கூட்டத்துல நிக்கிற ஒவ்வொருத்தனுக்கும் தனி நட, தனித் தள்ளல். முடிச்சுட்டு, இம்புட்டுத்தானேன்னு அந்த மனுசன் அசடு வழியிறாரு. செஞ்சது வீண் போகலன்னு இவரு சொல்றாரு. ஒன் மேனேசரு என்னைக்காவது அப்பிடிச் சொல்லியிருக்காரா? நாலு செகண்டு வேலைக்குப் பதினஞ்சு மாசம் கேட்டுப் பாரேன், ராஜினாமா எழுதுற செலவே மிச்சம்.

இன்னொண்ணு. அவரு கதைய முழுசா எழுதி வச்சுக்கிட்டு ஆரம்பிக்கிறதில்ல. காட்சிய வரஞ்சுக்கிட்டே போவாரு, கூட இருக்கவங்க பின்னாலயே வேலைய ஆரம்பிச்சிருவாங்க. முடிவு என்னன்னு அவங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. இத மட்டும் நீ பழகிராத.

நெஞ்சுல கெடக்குறதத்தான் படமா எடுத்தாரு. 1941-ல டோக்கியோவுல பொறந்தவரு. குடும்பத்துக் கம்பெனி ஜீரோங்கிற போர் விமானத்துக்கு வால் சுக்கான் செஞ்சு குடுத்துச்சு. சண்டையில ஊரு சோத்துக்குச் சிங்கியடிச்சப்ப இவங்க வீட்டுல வசதி. அந்தக் குத்தம் மனச அறுத்துக்கிட்டே இருந்துச்சு போல. சண்டைன்னா ஆகாது, விமானம்னா உசுரு. முக்காவாசிப் படத்துல ஏதாவது பறக்கும். பன்றி மூஞ்சிக்காரன் கூட விமானம் ஓட்டுவான். கடைசியில அந்த ஜீரோவ வடிவமைச்சவரு கதையவே படமா எடுத்தாரு. அம்மாவுக்கு முதுகெலும்புல காசநோய், வருசக்கணக்காப் படுக்கை. டோட்டோரோவுல தாய்க்காரி ஆஸ்பத்திரியில கெடக்காளே, அது சும்மா வந்ததில்ல.

படிச்சது அரசியலும் பொருளாதாரமும். 1963-ல தோயேய் கம்பெனியில படம் வரையப் போயி, சங்கத்துல சேந்து மொதலாளியோட மல்லுக்கட்டுனாரு. இசாவோ தகஹாத்தா சிநேகம் அங்கதான் முத்துச்சு. தகஹாத்தாவுக்குப் படம் வரையவே வராது, ஆனா இவருக்கே அண்ணன். 1985-ல ஜிப்லிங்கிற படக் கம்பெனிய ஆரம்பிச்சது இவங்கதான், கூட தோஷியோ சுசூகி.

அந்த சுசூகி மாதிரி ஒரு ஆளத் தேடி வச்சுக்க. மோனோனோகேய வெட்டிச் சுருக்கணும்னு அமெரிக்காக்காரன் அடம்பிடிச்சப்ப, ஒரு வாளக் கொண்டு போயிக் குடுத்து, ‘வெட்டு கெடையாது’ன்னுட்டாரு. ஒன் சிநேகிதக்காரன் ஒனக்காக ஒரு பேனாக்கத்தியாவது தூக்குவானா?

உங்கப்பன் ஒன்னப் பாராட்டவே மாட்டேங்கிறான்னு கொற சொல்லுற. மியாசாகி மகன் கோரோ 2006-ல மொதப் படம் எடுத்தான். போட்டுக் காட்டுறப்ப அப்பன்காரரு பாதியில எந்திரிச்சு வெளிய போயி சிகரெட் பத்த வச்சாரு. இன்னும் பெரியாளாகல பையன்னு வேற சொன்னாரு. உங்கப்பன் எம்புட்டோ தேவல, தூங்கிட்டாவது கெடப்பான்.

சரி, 2017-ல திரும்ப வந்தாருன்னேனே, அந்தப் படம் 2023-லதான் வெளிய வந்துச்சு. ட்ரெய்லர் கெடையாது, வெளம்பரம் கெடையாது, நாரை போட்ட ஒத்தப் போஸ்டர். மறு வருசம் அதுக்கும் ஆஸ்கர். வயசு 83. அப்பவும் போகல. இதோட ஆளு அடங்கிருவாருன்னு நெனச்சா, படம் டொரண்டோ விழாவுக்குப் போனப்பவே அவரு கம்பெனிக்காரரு ஒடச்சிட்டாரு: மனுசன் தெனமும் ஆபீசுக்கு வந்து அடுத்த படத்துக்கு யோசன சொல்லிக்கிட்டுத் திரியிறாராம்.

வெவரம் அம்புட்டுத்தான். நாளைக்கு எத்தன மணிக்கு பஸ்சு? டிபன் டப்பாவ ராத்திரியே கழுவி வச்சிரு, காலையில என்னத் தேட விடாத.