பழியை வானத்தின் மேல் போடுவது எப்படி?

வங்கி ஏ.டி.எம்.களுக்குச் செயற்கைக்கோள் வழி இணைப்பு தரும் வீசாட் நிறுவனத்தில் சிஸ்டம்ஸ் மேனேஜர் ஆகிவிட்டீர்களா? வாழ்த்துகள். உங்கள் சரக்கு 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. எந்த வாடிக்கையாளரும் ஏறிப்போய்ப் பார்க்க முடியாது. இந்த வசதி வேறெந்த ஐ.டி. வேலையில் கிடைக்கும்?

1. லிங்க் படுத்தால் உடனே "மழை" என்று சொல்லுங்கள். கேயூ பேண்ட் அலைவரிசையை மழை பதம் பார்ப்பது உண்மை என்பதால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஏ.டி.எம். உள்ள ஊரில் வெயில் கொளுத்துகிறதா? "எங்கள் தரைநிலையமான ஹப்பில் மழை." ஹப்பிலும் வெயிலா? "மேகமூட்டம்." மழைக்கேற்பச் சிக்னலைக் கூட்டும் அப்லிங்க் பவர் கன்ட்ரோலை யாரோ அணைத்து வைத்தது நமக்குள் இருக்கட்டும்.

2. சன் அவுட்டேஜை வீணாக்காதீர்கள். பிப்ரவரி-மார்ச்சிலும் செப்டம்பர்-அக்டோபரிலும் சில நாள்கள், செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்கும். சில நிமிடம் டிஷ்ஷுக்கு வெறும் இரைச்சல்தான் கேட்கும். எந்தத் தேதி, எத்தனை மணி என்று முன்கூட்டியே கணக்கிடலாம். கணக்கிடுங்கள். ஆனால் யாருக்கும் அனுப்பாதீர்கள். வங்கியிலிருந்து போன் வந்தால் "டீம் முழுக்க இதிலேதான் சார் உட்கார்ந்திருக்கு" என்று மூச்சு வாங்கப் பேசுங்கள். சூரியன் நகர்ந்ததும் "சரிசெய்துவிட்டோம்" என்று மெயில் தட்டுங்கள். இன்கிரிமென்ட்டில் பங்கு கேட்டுச் சூரியன் வரப்போவதில்லை.

3. சிக்னல் மேலே போய் இறங்கக் கால் நொடி. கேள்வியும் பதிலுமாக அரை நொடி. சர்வர் திணறிப் பத்து நொடி ஆனாலும் "பிசிக்ஸ் சார்" என்று சொல்லுங்கள்.

4. ஸ்டாண்ட்பை ஆம்ப்ளிஃபயருக்கு மாற்றி ஓட்டிப் பார்க்காதீர்கள். பச்சை விளக்கு எரிகிறதல்லவா, போதும். 1998 மே மாதம் கேலக்ஸி 4 செயற்கைக்கோளின் கட்டுப்பாட்டு ப்ராசஸர் செத்தது. மாற்று ப்ராசஸரோ அதற்கு முன்பே, யாருக்கும் தெரியாமல், போய்ச் சேர்ந்திருந்தது. அமெரிக்கப் பேஜர்களில் பெரும்பாலானவை ஊமையாயின. விளக்கை நம்புகிறவர் நீங்கள் மட்டுமல்ல.

5. தொலைவிலிருந்து உள்ளே வர உதவும் வி.பி.என். அமைப்பை யார் எப்போது போட்டார்களோ அப்படியே விடுங்கள். 2022 பிப்ரவரி 24 அன்று கா-சாட் என்ற செயற்கைக்கோளின் இணைய வலையமைப்பில், சரியாக அமைக்காத ஒரு வி.பி.என். வழியாகத்தான் ஹேக்கர்கள் நுழைந்தார்கள். பல்லாயிரம் மோடம்கள் செயலிழந்தன. அந்த இணைப்பை நம்பியிருந்த, மத்திய ஐரோப்பாவின் சுமார் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது. செயற்கைக்கோளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

இந்த ஐந்தாவதுக்கு மட்டும் மழை, மேகம், சூரியன் எதுவும் கைகொடுக்காது. முன்ஜாக்கிரதையாகக் கொஞ்சம் மெடிக்கல் லீவை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.