பவுடர் தூவினால் போதுமா?

கேள்வி: அம்மாவுக்குக் கண்டியில் முள்ளந்தண்டு ஒப்பரேசன். தையல் போடுமுன் காயத்துக்குள் மருந்துப் பவுடர் தூவினால் சீழே பிடிக்காதாமே?
– வாசகி, நானுஓயா

பதில்: அந்தப் பவுடர் வான்கோமைசின் என்ற அன்டிபயோட்டிக், வழக்கமாக ஒரு கிராம். பவுடர் தூவியதால் ஆழமான தொற்று 2.6 வீதத்திலிருந்து 0.2 வீதமாக இறங்கியதென்று 2011இல் அமெரிக்க ஆய்வொன்று சொன்னது. உலகமே தூவத் தொடங்கியது. ஆனால் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் ராஜசேகரன் குழுவினர் 907 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். அன்டிபயோட்டிக் ஊசி எல்லோருக்கும், பவுடர் 433 பேருக்கு மட்டும். பவுடர் போட்டவர்களில் 7 பேருக்குத் தொற்று. போடாத 474 பேரில் 8 பேருக்கு. 2013இல் வந்த இந்த முடிவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஏற்கெனவே தொற்றுக் குறைவான தியேட்டரில் பவுடர் புதிதாக எதையும் சாதிக்கவில்லை. தூவுவதா வேண்டாமா என்பதை டாக்டரிடம் விடுங்கள். ஆனால் தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: மாத்திரை இருக்கும்போது பவுடர் எதற்கு?
– வாசகர், அட்டன்

பதில்: இரத்தம் ஓடும் இடத்துக்குத்தான் மாத்திரை போய்ச் சேரும். முதுகில் பொருத்திய உலோக ஆணியில் இரத்தம் ஓடாது. கிருமி அதன்மேல் படலம் கட்டிக்கொள்ளும். நேரே தூவினால் மருந்து அங்கேயே செறிந்து நிற்கும், இரத்தத்தில் கொஞ்சமே கலக்கும். ஆனால் மலத்திலிருந்து வரும் கிருமிகள் பலவற்றுக்கு வான்கோமைசின் பலிக்காது. மலவாய்க்கு அருகே இருக்கும் இடுப்புக் காயத்துக்கு அந்தக் கிருமிகளே ஆபத்து. கட்டு நனைந்தாலோ அழுக்குப் பட்டாலோ உடனே நர்ஸ் மிஸ்ஸிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டுக்கு வந்தபின் அன்டிபயோட்டிக் கெப்சூலை உடைத்துத் தூவலாமா? லயத்தில் எல்லோரும் செய்கிறார்கள்.
– வாசகர், தலவாக்கலை

பதில்: கூடவே கூடாது. மூடியைக் கழற்றி, விரலால் தட்டித் தட்டிக் காயத்தில் கொட்டும் அந்தத் தூள் வயிற்றுக்கென்று செய்தது. தியேட்டரில் போடுவது கிருமி நீக்கி அடைத்த குப்பி மருந்து. கெப்சூல் தூள் காயத்தின்மேல் பொருக்குக் கட்டும். அடியில் சீழ் சேர்வது கண்ணுக்குத் தெரியாது. மஞ்சள் தூளும் பூச வேண்டாம்.

கேள்வி: அப்போ எங்கள் கையில் என்ன இருக்கிறது?
– வாசகி, லிந்துலை

பதில்: நிறைய! சீனி வருத்தம் இருந்தால் முன்கூட்டியே கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவாருங்கள். சிகரெட், பீடியை நிறுத்துங்கள். ஒப்பரேசனுக்கு முன் சவர்க்காரம் போட்டுக் குளியுங்கள். முதுகு முடியை வீட்டில் பிளேடால் வழிக்காதீர்கள். அந்தச் சின்னக் கீறல்கள் கிருமிக்கு வாசல். தோலைக் கீறுவதற்கு முந்திய ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றும் அன்டிபயோட்டிக் ஊசிதான், என் கணக்கில், எந்தப் பவுடருக்கும் மேல்.

கேள்வி: வீட்டில் எப்போது உஷாராக வேண்டும்?
– வாசகர், நானுஓயா

பதில்: காயத்தில் நீரோ சீழோ கசிந்தால், சிவந்து வீங்கினால், காய்ச்சல் வந்தால், குறைந்த வலி மறுபடி கூடினால். ஆணி பொருத்தியவர்களுக்கு இது மாதங்கள் கழித்தும் வரலாம். பாமசியில் அன்டிபயோட்டிக் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுப் போகாதீர்கள். எந்தக் கிருமி என்று பரிசோதனையில் பிடிபடாமல் போகலாம். ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போனாலும் போகட்டும், கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு, ஒப்பரேசன் செய்த ஆஸ்பத்திரிக்கே அன்றைக்கே போய்விடுங்கள்.