ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
உரிமையாளர்,
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் சேவைக் கடை,
கல்லூரி வாசலுக்கு எதிரே, மதுரை.

பெறுநர்:
உயர்கல்வித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: மாணவர்களிடம் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும் நல்வழக்கத்தை மீண்டும் கொண்டுவரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

கொரோனா வந்து என் பிழைப்பைக் கெடுத்தது. 2021 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கள் கல்லூரிகளைத் திறந்து அதை மீட்டுக் கொடுத்தீர்கள். ஆசிரியர்கள் ஊசி போட்டிருக்க வேண்டும், 18 வயது நிரம்பிய மாணவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று விதி வந்தது. சில வளாகங்களில் முகாமும் நடந்தது. முகாமில் ஊசி இலவசம். அதற்கான சான்றிதழை அரசின் கோவின் இணையதளத்திலிருந்து இறக்கி, கலரில் அச்சிட்டு, லேமினேஷன் போட்டுத் தருவது இலவசமல்ல. நான் குறை சொல்லவில்லை, நன்றி சொல்கிறேன்.

அந்தச் சான்றிதழின் அழகை இன்றைக்கும் மறக்க முடியாது. ஊசி போட்டுக்கொண்டவரின் படம் அதில் இல்லை, பிரதமரின் படம் இருந்தது. வாசலில் நிற்கும் வாட்ச்மேன் தாளையும் பார்ப்பார், பையனின் முகத்தையும் பார்ப்பார். இரண்டுக்கும் சம்பந்தம் கண்டுபிடிக்க அவருக்கு வழியே இல்லை. மூலையில் ஒரு கியூஆர் கட்டம் உண்டு; அதை ஸ்கேன் செய்தால் உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும். எங்கள் வாசலில் யாரும் ஸ்கேன் செய்து நான் பார்த்ததில்லை. பிரதமர் தெளிவாக விழுந்திருந்தால் உள்ளே போகலாம். “அண்ணே, கலர் பிரின்ட்டே போடுங்கண்ணே, கருப்பு வெள்ளைன்னா வாட்ச்மேன் யோசிக்கிறாரு” என்று பிள்ளைகள் வந்து நின்றார்கள். கருப்பு வெள்ளையை விடக் கலருக்கு நோய் எதிர்ப்புச் சக்தி அதிகம் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

அடுத்தது இனிஷியல். நம் ஊரில் ஒரு பிள்ளைக்கு ஆதாரில் ஒரு பெயர், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர், கல்லூரிப் பதிவேட்டில் ஒரு பெயர். இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும், அப்பா பெயராக விரிந்தும் வரும். கோவினில் பெயரை ஒரே ஒரு தடவைதான் திருத்தலாம் என்று வைத்திருந்தார்கள். அந்த ஒரு தடவையையும் அவசரத்தில் தப்பாகத் திருத்திவிட்டு வந்தவர்களை ‘உங்களுக்காக ஒன்றும் செய்ய முடியாது’ என்று சொல்லி அனுப்பியபோது, நானும் ஒரு அரசு அலுவலகம் ஆகிவிட்டதாகவே உணர்ந்தேன்.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் முதல் ஊசியை அப்பாவின் போன் எண்ணில் பதிந்தான், இரண்டாவதை அண்ணன் எண்ணில் பதிந்தான். கணினிக் கணக்கில் அவன் இரண்டு ஆட்கள், ஆளுக்கு ஒரு ஊசி. வாசலில் இரண்டு தாளையும் நீட்டினான். “ரெண்டு பேருமே முழுசாப் போடலையேப்பா” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு இரண்டு முதல் தவணையையும் ஒரே ஆளுக்குச் சேர்க்கும் வசதியைத் தளத்திலேயே கொடுத்தார்கள். அதற்குள் அவனுக்கு நான் போட்ட பிரின்ட்டுக்குக் கணக்கில்லை. ஊசி வேலை செய்ததா என்பதை டாக்டர்கள் சொல்லட்டும், என் பிரின்டர் நன்றாக வேலை செய்தது.

வெளிநாடு போகும் பிள்ளைகளுக்குத் தனி மரியாதை. உள்ளூரில் படித்தால் கோவிஷீல்டு இரண்டாவது ஊசிக்கு அப்போது 84 நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் போட்டால் பலன் குறைவு என்றார்கள். வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்களுக்கும், ஒலிம்பிக் விளையாடப் போகிறவர்களுக்கும் 28 நாள் போதும் என்று 2021 ஜூனில் சலுகை வந்தது. விசா குத்திய உடம்பில் மருந்து வேகமாக ஏறும்போலிருக்கிறது. கோவாக்சின் போட்டவர்கள் பாடுதான் திண்டாட்டம். உலக சுகாதார நிறுவனம் அதை அங்கீகரிக்க 2021 நவம்பர் 3 ஆனது. அதுவரை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில, ‘வேறு ஊசியை முதலிலிருந்து போட்டுக்கொள்’ என்றன.

மதுரை மாவட்ட நிர்வாகமும் என்னைக் கைவிடவில்லை. 2021 டிசம்பரில், ஒரு ஊசிகூடப் போடாதவர்களுக்கு ஒரு வாரம் அவகாசம், அதன் பிறகு ஓட்டல், மால், கடைகளுக்குள் அனுமதியில்லை என்று அறிவித்தார்கள். அதே மாதம் மீனாட்சியம்மன் கோயிலிலும் இரண்டு தவணைச் சான்று வேண்டும் என்றார்கள். நான் கூடுதலாகத் தாள் கட்டு வாங்கி அடுக்கினேன். அறிவித்த சூட்டிலேயே கோயில் உத்தரவைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அம்மன் தரிசனத்தைத் தடுத்தால் மதுரையில் என்ன ஆகும் என்று யாரோ எடுத்துச் சொல்லியிருப்பார்கள். தாள் கட்டு அப்படியே கிடந்தது.

கல்லூரி வாசலில் இவ்வளவு கெடுபிடி. அந்த வாசலுக்குப் பிள்ளைகள் வந்து சேர்ந்த விதத்தையும் சொல்ல வேண்டும். மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் காலையில் வருகிற டவுன் பஸ்ஸில் உள்ளே இருப்பவனுக்குத் தன் கை எது, பக்கத்து ஆள் கை எது என்று தெரியாது. அங்கே யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. மூச்சோடு மூச்சாக முக்கால் மணி நேரம் வந்து இறங்கியவர்களைக் கல்லூரியில் ஆறடி இடைவெளி விட்டு வரிசையில் நிற்கச் சொன்னார்கள்.

2022 மே 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. யாரையும் வற்புறுத்தி ஊசி போடக் கூடாது, போடாதவர்களைப் பொது இடங்களில் தடுப்பது அன்றைய நிலையில் அளவுக்கு மீறியது என்றது. தடுப்பூசித் திட்டத்தையே தப்பென்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் துறை ஊசி என்ற சொல்லையே அதோடு மறந்துவிட்டது. இப்போது சேர்க்கைக்கு மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாம் கேட்கிறீர்கள். கலை அறிவியல் கல்லூரிக்கு நான் நகல் எடுத்துக் கொடுத்த எந்த விண்ணப்பத்திலும், தட்டம்மை ஊசி போட்டாயா என்று கேட்கும் கட்டம் இல்லை.

அதைக் கேட்பவர்கள் அமெரிக்காக்காரர்கள். மேல்படிப்புக்குப் போகும் பிள்ளை, தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் இரண்டு தவணை போட்டதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும் என்று அங்கே பல பல்கலைக்கழகங்களில் விதி. உடனே வீட்டில் டிரங்குப் பெட்டி இறங்கும். அம்மா சின்ன வயசு ஊசி அட்டையைத் தேடி எடுத்து வருவார், பாதி கரையான் தின்றிருக்கும். மீதிப் பாதியை நான் பெரிதாக்கி நகல் எடுத்துத் தருவேன். ஊருக்குள்ளேயே படிக்கிற பிள்ளையின் அட்டையைக் கரையான் முழுதாகவே தின்னலாம், யாரும் கேட்கப் போவதில்லை.

2017 பிப்ரவரியில் நம் மாநிலத்தில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி முகாம் நடந்தது நினைவிருக்கும். 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும். வாட்ஸ்அப்பில் வந்த புரளியை நம்பிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்ட பெற்றோர் உண்டு. அன்று பள்ளியில் இருந்தவர்கள்தான் இன்று உங்கள் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் பிறக்கும் குழந்தையின் கண், காது, இதயம் எல்லாம் பாதிக்கப்படலாம். பெண்கள் கல்லூரிகள் நிறைந்த ஊர் இது. யார் போட்டார்கள், யார் விட்டார்கள் என்ற கணக்கு உங்களிடம் இருக்கிறதா? கொரோனா சமயத்தில் என் கையில் நகலாவது இருந்தது.

எங்கள் தாத்தா காலத்தில் இந்தக் கஷ்டம் இல்லை. அம்மை குத்தின தழும்பு தோளிலேயே இருக்கும். இனிஷியல் மாறாது, கரையான் அரிக்காது. 1975க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மையே இல்லாமல் போனது. அந்தத் தழும்பில் ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு ஐந்து பைசா வருமானம் கிடையாது என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு ஆபத்தைச் சொல்லி முடிக்கிறேன். பொதுச் சுகாதாரத் துறையோடு பேசி, சேர்க்கை நாளன்று கல்லூரிக்கே நர்சம்மாவை வரவழைத்து, அட்டை இருக்கிறவர்களைக் குறித்துக்கொண்டு, விட்டுப்போனவர்களுக்கு அங்கேயே போட்டுவிடலாம் என்று யாராவது அதிகாரி யோசனை சொல்லக்கூடும். பிள்ளை வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டு நேராக வகுப்புக்குப் போய்விடுவான், ரோட்டைக் கடந்து என் கடைக்கு வர வேண்டிய அவசியமே இராது. அந்த யோசனையைத் தயவுசெய்து கோப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, ஊசியைப் பற்றிக் கவலைப்படாமல், சான்றிதழின் மூன்று நகல்களை மட்டும், கலரில், சுய சான்றொப்பத்துடன், வரும் கல்வியாண்டு முதல் கட்டாயமாக்கி உத்தரவிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஜெராக்ஸ் கடைக்காரன்