ஒலிக்காத ‘டிங்’: ஓர் ஆராய்ச்சி

கைப்பேசியில் ‘டிங்’ என்று ஓர் ஓசை எழுவதற்குக் காரணங்கள் பல. எழாமல் போவதற்கு அவற்றினும் பல. முன்னதைப் பற்றி கூகுள் நிறுவனமே விரிவாக எழுதிவைத்திருப்பதால், பின்னதை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஆய்வின் எல்லை இது: ஆண்ட்ராய்டு புராஜெக்ட் ஒன்றில் ஃபயர்பேஸ் கிளவுட் மெசேஜிங் (இனி எஃப்சிஎம்) லைப்ரரியைச் சேர்க்கத் தொடங்கியது முதல், முதல் நோட்டிஃபிகேஷன் வந்து சேரும் வரையான காலம். அது பத்து நிமிடம் என்பது செவிவழி மரபு. அம்மரபின் நம்பகத்தன்மை தனி ஆய்வுக்கு உரியது.

முதலில் மூலபாடம். ஃபயர்பேஸ் தளத்தில் செயலியின் பேக்கேஜ் பெயரைப் பதிந்ததும் கூகுள்-சர்வீசஸ் ஜேசன் என்றொரு கோப்பு கிடைக்கும். வழக்கமான புராஜெக்டில் அது ‘ஆப்’ ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும். ஒரு படி வெளியே இருந்தால் செல்லாது. இரண்டாம் முறை டவுன்லோட் செய்தால் பிரவுசர் அதன் பெயருக்குப் பின்னே ஓர் ‘1’ சேர்த்துவிடும். சுவடிப் பதிப்பாசிரியர் இதைப் பாடபேதம் என்று அடிக்குறிப்பில் தள்ளிவிடுவார். செயலியை பில்டு செய்யும் கருவியான கிரேடிலுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. கோப்பைக் காணோம் என்று பில்டை நிறுத்திவிடும். சோதனைப் பதிப்பின் பேக்கேஜ் பெயருக்கு ‘டெபக்’ என்று வால் ஒட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு தடை: அந்த வால் பெயர் கோப்பில் இல்லையென்றால் அதற்கும் பில்டு நின்றுவிடும்.

பில்டு நிற்கும்போது சிவப்பு எழுத்தில் வரும் இந்தப் பிழைச்செய்திகளை டெவலப்பர்கள் திட்டுவது வழக்கம். அது நன்றிகெட்ட செயல் என்பதே இவ்வாய்வின் துணிபு. முழு வேலையிலும் குறையை வாய்விட்டுச் சொல்லும் கட்டம் ஏறக்குறைய இது ஒன்றுதான். இதன்பின் வருவதெல்லாம் மௌனம்.

மௌனத்துக்குள் நுழையுமுன் காலக்கணிப்பு அவசியம். கூகுளின் செய்தி அனுப்பும் சேவை மூன்று தலைமுறை கண்டது. 2010இல் ஆண்ட்ராய்டு 2.2உடன் சி2டிஎம் வந்தது. 2012இல் ஜிசிஎம் அதன் இடத்தைப் பிடித்தது. 2014இல் ஃபயர்பேஸ் நிறுவனத்தை கூகுள் வாங்கியது. 2016இல் எஃப்சிஎம் பட்டத்துக்கு வந்தது. ஜிசிஎம் 2019இல் அகற்றப்பட்டது. பட்டம் மாறினாலும் பழைய அரசர்களின் சாசனங்கள் அழிவதில்லை. வேறெங்கோ கிடைத்த பத்து வரி நிரலை எடுத்துவந்து ஒட்டுவது தொழில் வழக்கு என்பதால், ஒட்டிய துண்டு எந்தக் காலத்தது என்று அறிய எழுத்தமைதி பார்க்க வேண்டியிருக்கிறது. போனிலுள்ள செயலிக்கு முகவரிபோல் தரப்படும் டோக்கன் மாறியதை அறிய ‘ஆன் டோக்கன் ரெஃப்ரெஷ்’ என்ற ஃபங்ஷன் இருந்தால், அது முற்காலம். ‘ஆன் நியூ டோக்கன்’ என்றிருந்தால் பிற்காலம். இரண்டும் ஒரே கோப்பில் இருந்தால் இடைச்செருகல் என்க.

இக்காலவரிசையில் 2019 ஜூன் 17 ஒரு தனி நாள். அன்று வெளியான ஃபயர்பேஸ், பிளே சர்வீசஸ் லைப்ரரிகள் பழைய சப்போர்ட் லைப்ரரியை விட்டு ஆண்ட்ராய்டு எக்ஸுக்கு மாறின. பதிப்பு எண்ணுக்குப் பதில் கூட்டல் குறி போட்டு, ‘எது புதிதோ அது வரட்டும்’ என்று எழுதிவைத்திருந்த புராஜெக்டுகள், ஒரு வரியும் மாற்றப்படாமலேயே பில்டு ஆக மறுத்தன. இன்று ‘பிஓஎம்’ என்ற ஒற்றை எண்ணை எழுதினால் ஃபயர்பேஸ் லைப்ரரிகள் தமக்குள் ஒத்துப்போகும் பதிப்புகளில் வந்துசேரும். கூட்டல் குறி ஆசாமிகள் இன்னும் இருக்கிறார்கள்.

இனி மௌனம். இதில் தலையாயது பார்வை மௌனம். டெவலப்பர் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஃபயர்பேஸ் தளத்திலிருந்து சோதனைச் செய்தி அனுப்பி, திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். எதுவும் வராது. சலித்துப்போய் ஹோம் பட்டனை அழுத்திவிட்டு அடுத்ததை அனுப்பினால் அது உடனே வந்து நிற்கும். காரணம் எளிது. செயலி கண்முன் திறந்திருந்தால் செய்தி அதன் நிரலிடம் ஒப்படைக்கப்படும். காட்டுவதா வேண்டாமா என்பது நிரலின் பொறுப்பு. செயலி பின்னணியில் இருந்தால் நோட்டிஃபிகேஷன் வகைச் செய்தியை ஆண்ட்ராய்டே காட்டிவிடும், நிரலை எழுப்பாது. ஆகவே முன்னணியில் நிரல் இயங்கிச் செய்தி தெரியவில்லை. பின்னணியில் செய்தி தெரிந்து நிரல் இயங்கவில்லை. இவ்விரண்டையும் ஒரே மதியத்தில் கண்டவர் லைப்ரரியில்தான் கோளாறு என்று முடிவுகட்டினால் அவரைக் குறைசொல்வதற்கில்லை.

அடுத்தது அனுமதி மௌனம். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக நிறுவிய செயலி பயனரின் சம்மதம் பெறாமல் நோட்டிஃபிகேஷன் காட்ட முடியாது. அதற்கு முன்பே, 2017இன் ஆண்ட்ராய்டு 8 நோட்டிஃபிகேஷன்களை வகைபிரிக்கும் சேனல் முறையைக் கொண்டுவந்திருந்தது. நிரலே நோட்டிஃபிகேஷனை உருவாக்கும்போது சேனல் குறிப்பிடாவிட்டால் அது திரைக்கு வராது. செட்டிங்ஸில் போய் ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ அழுத்தப்பட்ட செயலிக்கு, மறுபடி யாரேனும் திறக்கும்வரை செய்தி சேராது. ஐபோனின் மௌனங்கள் வேறு வம்சம்; ஆப்பிள் தரும் சாவிக் கோப்பை ஒரே ஒரு முறைதான் டவுன்லோட் செய்ய முடியும் என்பதோடு அதை இங்கே விட்டுவிடலாம்.

இத்தனை நேரமும் செய்தி அனுப்பிய சர்வரிடம் எஃப்சிஎம் என்ன சொல்லிக்கொண்டிருக்கும்? வெற்றி என்றுதான். செய்திக்கு ஓர் அடையாள எண்ணும் தரும். ‘வாங்கிக்கொண்டோம்’ என்பதே அதன் பொருள். ‘சேர்த்துவிட்டோம்’ என்று யாரும் சொல்லவில்லை. போன் அணைந்திருந்தால் 28 நாள் வரை செய்தி காத்திருக்கக்கூடும். 270 நாள் தொடர்பே இல்லாத ஆண்ட்ராய்டு போனின் டோக்கன் காலாவதியாகிவிடும். பிறகுதான் பதிவில்லாதவர் என்ற மறுமொழி சர்வருக்கு வரும்.

அளவு குறித்தும் ஒரு வார்த்தை. ஒரு செய்தியின் உச்சவரம்பு 4,096 பைட். ஆங்கில எழுத்து யுடிஎஃப்-8 முறையில் ஒரு பைட் எடுக்கும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. ‘வணக்கம்’ என்பதில் புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறியீடுகள், ஆக 21 பைட். மின்கட்டண நினைவூட்டலுக்கு இது தாராளம். பிறந்தநாள் வாழ்த்தை வெண்பாவாகப் பாடினாலும் இடம் மிஞ்சும். முழுப் பிரபந்தம் பாடுவோர் இணைப்பு முகவரி மட்டும் அனுப்புதல் நலம்.

ஓசை வேண்டாத இடத்தில் எழுந்த நிகழ்வும் உண்டு. எதிர்ச்சான்று இல்லாமல் ஆய்வு நிறைவு பெறாது. 2020 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், கூகுள் ஹேங்கவுட்ஸ் பயனர்களின் போன்களில் சம்பந்தமில்லாத எஃப்சிஎம் சோதனை நோட்டிஃபிகேஷன்கள் வந்து விழுந்தன. செய்தி அனுப்ப உதவும் சர்வர் சாவிகள் சில செயலிகளின் உள்ளேயே கிடக்கின்றன, யார் வேண்டுமானாலும் பிரித்தெடுக்கலாம் என்று ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் அதே மாதம்தான் எழுதியிருந்தார். ஆயுள் முழுக்கச் செல்லும் அந்தச் சாவி முறையை 2023இல் கைவிடுவதாக அறிவித்து, 2024இல் கூகுள் நிறுத்தத் தொடங்கியது. இப்போது சர்வருக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரமே செல்லும் டோக்கன். அதைப் பெறுவதற்கென்று சர்வீஸ் அக்கவுண்ட் ஜேசன் என இன்னொரு கோப்பு உண்டு. முதல் ஜேசன் செயலிக்குள் இருந்தாக வேண்டும். இரண்டாவது எக்காரணம் கொண்டும் செயலிக்குள் போகக்கூடாது. இரண்டையும் தருவது ஒரே தளம். இரண்டும் போய் விழுவது ஒரே டவுன்லோட்ஸ் ஃபோல்டர்.