துளைப் பட்டையின் மூலபாடமும் உரையாசிரியர் பூசல்களும்

எந்த நூலை ஆராயப் புகுந்தாலும் முதலில் பாயிரம் சொல்ல வேண்டும் என்பது நன்னூலார் வகுத்த ஒழுங்கு. சொல்லிவிடுகிறேன். ஆக்கியோன்: ஃபிராங்க் ஹார்ன்பி. ஊர்: லிவர்பூல். காலம்: 1901. நூற்பெயர்: முதலில் 'மெக்கானிக்ஸ் மேட் ஈசி', 1907 முதல் 'மெக்கானோ'. யாப்பு: அரை அங்குலத்துக்கு ஒரு துளை. நுதலிய பொருள்: கிரேன், பாலம், ரயில் எஞ்சின், இரும்பால் ஆன பிற யாவும். கேட்போர் என்ற இடத்தில்தான் ஆய்வாளன் இடறி விழுகிறான். காப்புரிமைப் பத்திரம் 'சிறுவர்க்கும் இளைஞர்க்கும்' என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. இன்று அவை கூடிக் கேட்பவர்களோ பெரும்பாலும் ஓய்வூதியக்காரர்கள். இவர்களுக்கிடையே நூறாண்டாக நடந்துவரும் உரைப்பூசல்களை வகைப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆக்கியோன் எஞ்சினீயர் அல்லர். இறைச்சி இறக்குமதி செய்யும் கம்பெனியில் கணக்கெழுதியவர். பிள்ளைகளுக்குக் கிரேன் செய்து கொடுக்கத் தகரம் வெட்ட உட்கார்ந்தவர், ஒவ்வொரு பொம்மைக்கும் புதிதாக வெட்டிக்கொண்டிருப்பானேன், எதோடும் எதையும் முடுக்கும்படி ஒரே இடைவெளியில் துளையிட்ட பட்டைகளாக வெட்டிவிட்டால் என்ன என்று யோசித்தார். ஒரே சாமானைப் பத்து வேலைக்கு எழுதிக்கொள்ளும் இந்தச் சிக்கனம் கணக்கப்பிள்ளைக்கே தோன்றும். சிறுவயதில் இதே வகையான நம்மூர் 'மெக்கானிக்ஸ்' பெட்டியைத் திறந்து பச்சைப் பட்டை, சின்ன ஸ்பேனர் என்று தரையில் பரப்பி அம்மாவிடம் திட்டு வாங்கியவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

முதலில் மொழியைக் கவனிப்போம். இந்தச் சமூகத்தார் பொருளைப் பெயரால் அழைப்பது குறைவு, எண்ணால் அழைப்பார்கள். ஐந்து துளைப் பட்டை என்பது அவர்களுக்கு வெறும் ஐந்து. பதினோரு துளைப் பட்டை இரண்டு. இருபத்தைந்து துளை உள்ள நீளப் பட்டை ஒன்று. நட்டு 37ஏ, போல்ட்டு 37பி, வாஷர் 38. இரண்டு முதியவர்கள் சந்தித்து, “உங்களிடம் 24 எத்தனை இருக்கிறது?” என்று கேட்டுக்கொண்டால் வயதையோ பேரப்பிள்ளைகளையோ விசாரிக்கிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. எட்டுத் துளை போட்ட பித்தளைக் குமிழ்ச் சக்கரத்தைப் பற்றிய பேச்சு அது.

அடுத்து நிறம். தமிழிலக்கிய வரலாற்றைச் சங்க காலம், பக்தி காலம் என்று பகுப்பதுபோல இவர்கள் காலத்தைப் பெயின்ட்டால் பகுக்கிறார்கள். 1926 வரை நிக்கல் காலம். 1926இல் சிவப்பும் பச்சையும் வந்தன. 1934இல் நீலமும் பொன்னும். நீலத் தகட்டின் மேல் பொற்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். போரில் உற்பத்தி நின்றது. 1945இல் மீண்டும் சிவப்பு, பச்சை. 1964இல் மஞ்சள், கறுப்பு. 1970இல் மஞ்சள், நீலம், துத்தநாகப் பூச்சு. இவற்றில் எது 'உண்மையான' மெக்கானோ என்ற கேள்விக்கு நான் ஒரு சூத்திரம் கண்டுபிடித்திருக்கிறேன். கேட்கப்படுபவர் பிறந்த ஆண்டோடு பத்தைக் கூட்டுக. அந்த ஆண்டில் கடையில் எந்த நிறம் இருந்ததோ அதுவே விடை. சில சமயம் சூத்திரம் பிசகி, 1960களில் பிறந்த ஒருவர் நீலம்-பொன்னுக்காக உயிரை விடுவார். அங்கே அப்பாவின் பெட்டி பிள்ளைக்கு இறங்கியிருக்கிறது என்று கொள்க. இது புறனடை.

வெவ்வேறு காலத்துப் பட்டைகளைக் கலந்து ஒரே கிரேனைக் கட்டலாமா? கலக்கலாம் என்போரும் உண்டு. அவர்கள் கட்டியதைப் பார்த்தால் சிவப்புக் கைமரம், மஞ்சள் அடித்தளம், நடுவில் துத்தநாகம் என்று மணிப்பிரவாள நடை துலங்கும். தூயோர் அதன்முன் நின்று, “வேலை நன்றாகத்தான் செய்கிறது” என்பார்கள். கண்காட்சிகளில் காதில் விழக்கூடிய மிகக் கடுமையான கண்டனம் இதுதான்.

பெயின்ட் உரிந்த பட்டையை என்ன செய்வது என்பது இதன் கிளைப்பூசல். அப்படியே விடு, அது பட்டறிவின் தழும்பு என்கிறது ஒரு கட்சி. சுரண்டிவிட்டு அதே சாயலில் புதிதாகப் பூசு என்கிறது இன்னொன்று. அதே சாயல் என்றால் எந்தச் சாயல்? 1945இன் பச்சையும் 1958இன் பச்சையும் ஒன்றல்ல, பின்னது வெளிறியது. பூசும் கட்சிக்குள்ளேயே இதனால் இரண்டு உட்கட்சிகள். என்னைக் கேட்டால் உரிந்தது உரிந்தபடியே இருக்கட்டும். எந்தத் துளையைச் சுற்றிப் பெயின்ட் அதிகம் போயிருக்கிறதோ அந்தத் துளையில்தான் ஐம்பது வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு பையன் சக்கரத்தை மாட்டியிருக்கிறான். வேறு கல்வெட்டு எதற்கு?

இனி இலக்கணத்தின் ஆழமான பகுதிக்கு வருவோம்: பல்சக்கரம். மெக்கானோவில் பல்லின் அளவு விட்டத்துக்கு இத்தனை என்று வகுக்கப்பட்டது. ஓர் அங்குல விட்டத்துக்கு 38 பல். 19 பல் உள்ள சிறுசக்கரமான பினியனின் விட்டம் அரை அங்குலம், 57 பல் சக்கரத்தின் விட்டம் ஒன்றரை அங்குலம். இரண்டையும் ஓர் அங்குல இடைவெளியிலுள்ள துளைகளில் மாட்டினால் பல்லோடு பல் கச்சிதமாகப் பொருந்தும், மூன்றுக்கு ஒன்று வேகம் குறையும். 19ஐயும் 57ஐயும் கூட்டினால் 76. அதாவது, ஓர் அங்குல இடைவெளியில் அமரும் எந்த இணைக்கும் கூட்டுத்தொகை 76 வர வேண்டும். இப்போது இரண்டுக்கு ஒன்று வேண்டும் என்று வையுங்கள். 76ஐ மூன்றால் வகுத்தால் முழு எண் வராது. ஆக்கியோன் என்ன செய்தார்? 25 பல்லும் 50 பல்லும் கொடுத்தார். கூட்டினால் 75. ஒரு பல் குறைவு.

அந்த ஒரு பல் குறைவால் விளையும் இடைவெளி அங்குலத்தில் எழுபத்தாறில் ஒரு பங்கு. மில்லிமீட்டரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தால், பினியன் பேசாமல் நிற்க, சக்கரம் மட்டும் துளி நகர்ந்து 'டிக்' என்று இடிக்கும். சிறுவன் இதைக் கவனிக்கவே மாட்டான். அறுபது வயதுக்காரரை இது தூங்கவிடாது. பிழை என்பார் ஒருவர். எண்கணிதம் இடம் தராதபோது ஆசான் வேறென்ன செய்வார் என்பார் மற்றவர். நம் இலக்கணிகள் இதற்கு என்றோ தீர்ப்பெழுதிவிட்டார்கள்: வழு, ஆனால் காரணத்தோடு வந்த வழு, ஆகவே வழுவமைதி. இந்தத் தீர்ப்பை லிவர்பூலுக்கு யாராவது தந்தியடித்திருந்தால் பல நட்புகள் பிழைத்திருக்கும்.

நட்டும் போல்ட்டும் தனி அதிகாரம். மரை, விட்வொர்த் முறையில் அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஐந்து. அங்குலத்துக்கு 32 சுற்று. பக்கத்து ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நான்கு மில்லிமீட்டர் மெட்ரிக் நட்டு கண்ணுக்கு இதன் உடன்பிறப்பாகத் தெரியும். மாட்டினால் ஓரிரு சுற்று இனிமையாக ஏறும். பிறகு பிடித்துக்கொள்ளும். இரண்டின் விட்டமும் ஏறக்குறைய ஒன்று, சுற்றின் இடைவெளி வேறு. பகை அங்கே ஒளிந்திருக்கிறது. ஸ்பேனரைப் போட்டு வலுக்கட்டாயம் செய்பவரின் போல்ட்டுக்கு மரை போகும். அவருக்கே மரை கழன்றுவிட்டது என்று சங்கத்தில் பேசிக்கொள்வார்கள்.

போல்ட்டின் தலை வெளியே, நட்டு உள்ளே. இது பொதுவிதி, விவாதம் கிடையாது. தலைக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே வாஷர் வேண்டுமா என்பதில் விவாதம் உண்டு. தலையிலுள்ள வெட்டுப் பள்ளங்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நிற்க வேண்டும் என்று கருதும் சிலரும் உண்டு. அவர்களுடைய பாலத்தின் அருகில் நாம் மூச்சு விடுவதற்கும் அனுமதி கேட்பது நல்லது.

இறுக்கத்தைப் பற்றிய உரைகளைப் படிக்கும்போதுதான் ஆய்வாளனின் கேலி கொஞ்சம் தளர்கிறது. கீல் போல அசைய வேண்டிய மூட்டில் ஒரு நட்டை மட்டும் போட்டால் நிற்காது. முழுதாக முடுக்கினால் அசையாது, தளர்த்தினால் நாலு ஆட்டத்தில் கழன்று விழும். ஆகவே இரண்டு நட்டு. முதல் நட்டைப் பட்டை தாராளமாக ஆடும் இடத்தில் நிறுத்தி, அதை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, இரண்டாவதை அதன் முதுகில் அழுத்தி முடுக்க வேண்டும். ஒன்றையொன்று நெருக்கி இரண்டும் பூட்டிக்கொள்ளும். பட்டை சுதந்திரமாக ஆடும். எவ்வளவு முடுக்குவது என்பதற்கு எந்தக் கையேட்டிலும் அளவு கிடையாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, 'போதும்' என்று ஸ்பேனர் சொல்லும் கணம் ஒன்று இருக்கிறது. 1996இல் வேதியியலுக்கு நோபல் வாங்கிய ஹாரி க்ரோட்டோ, மரை போகாமலும் கழலாமலும் நட்டை முடுக்கும் இந்த விரல் நுட்பத்தை மனிதன் கற்கக்கூடிய திறன்களில் தலையாயதாகவே எழுதிவைத்தார். நோபல் குழுவுக்குத் தந்த தன்வரலாற்றில் நட்டுக்கு இடம் ஒதுக்கிய வேறொருவரை நான் அறியேன்.

'பயன்' என்ற தலைப்பில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழுந்து, இது சிறுபிள்ளை விளையாட்டுத்தானே என்பார். அவருக்கு மறுப்பு: 1934இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீ என்ற பேராசிரியரும் ஆர்தர் போர்ட்டர் என்ற மாணவரும் வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் எந்திரம் ஒன்றைப் பெரும்பாலும் மெக்கானோ சாமான்களால் கட்டினார்கள். அமெரிக்காவில் வன்னெவர் புஷ் கட்டிய பேரெந்திரத்தைப் பார்த்துவிட்டு வந்த வேகத்தில், சுமார் 20 பவுன் செலவில் செய்தது. பிழை நூற்றுக்கு இரண்டுதான். அடுத்து கேம்பிரிட்ஜிலும் ஒன்று கட்டினார்கள். அது பிற்பாடு நியூசிலாந்துக்குக் கப்பலேறி, இப்போது ஆக்லாந்து அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. 2009இல் ஜேம்ஸ் மே என்ற தொலைக்காட்சிக்காரர் லிவர்பூலில் கால்வாயின் குறுக்கே மெக்கானோப் பாலம் கட்டி அதன்மேல் நடந்தே கடந்தார். எதிர்க்கட்சிக்காரர் உட்காரலாம்.

இடைச்செருகல் பற்றியும் ஒரு சொல். பின்ஸ் ரோடு என்ற தெருவில் இருந்த லிவர்பூல் ஆலை 1979 நவம்பர் 30 அன்று மூடப்பட்டது. பிரான்சில் கலே நகர ஆலை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்து, 2024இல் அதுவும் நின்றது. ஆனால் ஆங்காங்கே சிறு பட்டறைக்காரர்கள் தொலைந்த சாமானுக்கு மாற்றுச் செய்து தருகிறார்கள். ஆக்கியோன் கனவிலும் காணாத புதுப் பல்சக்கரங்களையும் செய்கிறார்கள். ஏற்கலாமா? அரை அங்குலத் துளைவிதிக்கு அடங்கினால் ஏற்கலாம் என்பது மிதவாதம். பின்ஸ் ரோடில் பிறக்காதது ஆகாது என்பது தீவிரவாதம். மூலப் பட்டையை அறுப்பதும் புதுத்துளை போடுவதும் பாவம் என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒன்று. வளைப்பது? கையேடே சில இடங்களில் பட்டையை மெல்ல வளைக்கச் சொல்லித் தொலைத்திருப்பதால் அங்கே எல்லாரும் வாய்மூடிக்கொள்கிறார்கள்.

பரபக்கம் இல்லாமல் சாத்திரம் நிறைவுறாது. புறச்சமயத்தாரில் முதன்மையானவர்கள் லெகோ டெக்னிக்கர்கள். 1977 முதல் இருக்கிறார்கள், நட்டில்லாமல் பிளாஸ்டிக் ஊசியைச் செருகியே முக்தி அடைபவர்கள். மெக்கானோக்காரர் அவர்களைப் பார்த்து இரக்கப்படுவார், அவ்வளவுதான். ஆனால் அவர்கள் வீட்டிலும் அமைதி இல்லை. கம்பெனி 2004 வாக்கில் சாம்பல் நிறத்தைச் சற்று நீலம் கலந்த சாம்பலாக மாற்றிவிட, பழஞ்சாம்பலார், புதுச்சாம்பலார் என்று பிளவுபட்டார்கள். குமிழ் தெரியக் கட்டுவதா, தெரியாமல் கட்டுவதா என்ற வழக்கு வேறு. இவ்வளவு போதும், புறச்சமயத்தை அதிகம் ஆராய்பவன் அதற்கே போய்விடுவான் என்று மூத்தவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

எஞ்சியிருப்பது கட்டாதோர் கொள்கை. மெக்கானோப் பெட்டிகளுக்கு எண்வரிசை இருந்தது. அவற்றில் பெரியது பத்தாம் எண். இடையிலுள்ள ஒவ்வொரு பெட்டிக்கும் இணைப்புப் பெட்டி ஒன்று வாங்கினால் அடுத்த எண்ணுக்கு ஏறலாம் என்று ஆக்கியோன் படிக்கட்டு வைத்திருந்தார். கணக்கப்பிள்ளை என்று முன்பே சொன்னேன். பழைய பெட்டிகளில் சாமான்கள் அட்டையில் நூலால் கட்டிவைக்கப்பட்டிருக்கும். அந்த முடிச்சை யாரும் அவிழ்க்காத பெட்டி கிடைத்துவிட்டால், சேகரிப்பவர் அதை அவிழ்க்க மாட்டார், பார்ப்பார், மூடுவார். ஒரு போல்ட்டும் நுழையாத பட்டை பட்டைதானா, வெறும் துளைபோட்ட தகரமா என்று கட்டுவோர் கட்சி கேட்கிறது. போல்ட் நுழைந்துவிட்டால் விலை என்ன ஆகும் தெரியுமா என்று கட்டாதோர் கட்சி திருப்பிக் கேட்கிறது.

நடுநிலையாளர் ஒரு வழி கண்டார்கள். பெட்டியை அவிழ்த்து ஆசைதீரக் கட்டிப் பார்த்துவிட்டு, சாமான்களைத் துடைத்து, புதிதாக அச்சிட்ட பழைய மாதிரி அட்டையில், பழைய மாதிரி நூலால் திரும்பக் கட்டிவைத்துவிடுவது. விற்கும்போது 'மறுகட்டு' என்று ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பூசல் ஓய்ந்தது என்றுதான் நினைத்தேன். இப்போது அந்த நூல் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று ஆரம்பித்திருக்கிறார்கள்.